உலர்த்தாத சேலை

பாப்பாவின் அப்பாவுக்கு,

கம்பெனி லைனில் வேலை செய்யும்போது தகடு கிழித்து உள்ளங்கையில் காயம் பட்டது. கசிந்த நீரைச் சீழ் என்று நினைத்து, தூசி ஊதும் ஏர்கன்னால் ஊதி ஊதி உலர்த்தினேன். கம்பெனி நர்ஸக்கா திட்டினார்: “இன்னாம்மா பண்ணிக்கினு கீறே? அந்தத் தண்ணியிலதான் புரோட்டீன் கீது. செல்லுங்க அத்த அனுப்பித்தான் பக்கத்து செல்லுங்களக் கூப்புடும். காயவெச்சா யாரு வருவா?”

வேலை முடிந்து ஒரகடம் பஸ்ஸில் கண்மூடினால், காயத்தின் இரு கரையிலிருந்தும் யாரோ மெல்ல நடந்து வருகிறார்கள்.

பாப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று நான் அழவில்லை. தொட்டில் கட்டிய சேலையைத் துவைத்து, உலர்த்தி, மடித்து வைத்தேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

கைக்காயம் மூடிக்கொண்டு வருகிறது. இன்று அந்தச் சேலையைப் பிரித்து முகத்தில் வைத்து அழுதேன். நனைந்துவிட்டது. உலர்த்தவில்லை.

வாருங்கள்.

இன்னும்
பாப்பாவின் அம்மா