மேசை நடுவில் ஒரே சட்டி

அஃப்ரா,

மாவு பிசைந்து மூடி வைத்திருக்கிறேன். பலகையில் வைத்துச் சிறு துண்டுகளாகக் கொதிநீரில் சீவிவிடு. மிதந்ததும் அள்ளி, சூடு ஆறுமுன் துருவிய சீஸைத் தூவு. வெங்காயம் நன்றாகச் சிவக்கட்டும்.

நான் எழுதிக்கொடுத்த மேய்ச்சல் நிலத்தை ஓட்டல்காரனுக்கு விற்றுவிட்டு, நம் மகன் செவரின் மதியம் சாப்பிட வருகிறான். அவனோடு உட்காரமாட்டேன், மலைக்குப் போகிறேன்.

சட்டியை மேசை நடுவில் வை. அவரவர் பக்கத்திலிருந்து அள்ளித் தின்பதுதான் இந்த வீட்டு மரியாதை. போன தடவை, "ஒரே சட்டியில வாய் வைக்க நாம என்ன மாடாப்பா?" என்றான். இன்றும் தட்டு கேட்டால் கொடுத்துவிடு. அழாதே, கெஞ்சாதே. பத்திரம் பதிவாகிவிட்டது.

கோர்பினியன்

பி.கு.: எனக்கு மிச்சம் வைக்காதே. என் பக்கத்தையும் அவனையே சாப்பிடச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.