சம்மனசு குடித்த விஸ்கி

பெங்களூர்
12.5.2005

அன்புள்ள அம்மாவுக்குச் சகாயராஜ் வணங்கி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உப்பளத்தில் வெடித்த உன் பாதம் ஆறிவிட்டதா? மருந்து போடாமல் பாத்தியில் இறங்காதே.

இங்கே ஒரு கூத்து நடந்தது. பயப்படாதே, சிரிக்கத்தான் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில் காய்ச்சும் விஸ்கியை மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் ஆவியாகப் போய்விடும். குளிர் தேசமான ஸ்காட்லாந்தில் அதைத் தேவதைகளின் பங்கு என்பார்களாம். தேவதைகள் என்றால் நம் மாதா கோயில் சம்மனசுகள்தான். இங்கே வெயிலுக்கு அதைவிடப் பல மடங்கு ஆவியாகிக் குறைந்திருக்கிறது. உடனே மேனேஜர் எங்களை வரிசையில் நிற்க வைத்து, வாயை மோந்து பார்க்கச் சொல்லி சூப்பர்வைசரை அனுப்பினார்!

அங்கே குறைந்தால் சம்மனசு குடித்ததாம், இங்கே குறைந்தால் கூலிக்காரன் குடித்தானாம். பாத்தியில் தண்ணீர் வற்றியதற்கு யாராவது உன் வாயை மோந்தார்களா? உனக்குச் சத்தியம் செய்துகொடுத்த பிறகு நான் ஒரு சொட்டு தொட்டதில்லை.

"டேய் சகாயம், நல்லா ஊதுடா" என்றார் சூப்பர்வைசர்.

ஊதினேன். நீ கொடுத்தனுப்பிய நம் ஊர்ப் பக்கத்து அனுமந்தைக் கருவாட்டைச் சுட்டு அப்போதுதான் பழையதோடு சாப்பிட்டிருந்தேன். மனுஷன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போதும்ப்பா, எல்லாரும் போங்க" என்று ஓடிவிட்டார்.

சிரித்தாயா? எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மெஸ்ஸில் சாம்பார்கூட இனிக்கிறது. கருவாடு சுட்டால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. பரவாயில்லை. வேலைக்கு மணி அடித்துவிட்டது. அந்தோணிராஜ் மாமா வரும்போது கருவாடு கொடுத்தனுப்பு. நிறைய அனுப்பு. இனிமேல் தினமும் ஊத வேண்டுமாம்.

உன் மகன்
சகாயராஜ்