தனுஷ்கோடிக்குக் கீழே வந்த விளம்பரம்

அன்புள்ள உனக்கு,

உன் அண்ணன் வீட்டில் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். என்னைப் பற்றிய ஏச்சும் கூடவே இருக்கும். இருக்கட்டும்.

நாம் வாசகர்களுக்கு அனுப்பும் மின்மடல் இதழுக்குத் தளம் தேடியபோது, சந்தாவில் ஓடும் தளமே போதும் என்றாய். வாசகரிடம் கை நீட்ட மாட்டேன் என்று நான்தான் விளம்பரத் தளத்தைப் பிடித்தேன். எழுத்தைப் பார்த்து அதுவே விளம்பரம் போட்டுக்கொள்ளும், ஜாக்கிரதை என்றாய். உனக்கு என்ன தெரியும் என்றேன்.

ஆலை வெடிவிபத்தில் இறந்த தொழிலாளி தனுஷ்கோடியைப் பற்றி நீ எழுதியதில் பட்டாசு என்ற சொல் இருந்தது. அது போதுமாக இருந்திருக்கிறது. அவர் படத்துக்குக் கீழே தீபாவளிப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் விளம்பரம் வந்து உட்கார்ந்தது.

நேற்று அவர் மனைவி போன் செய்தார். திட்டவில்லை.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரருக்குக் கீழ அம்புட்டுத் தள்ளுபடின்னு போட்டிருக்கீகளே, அது என்னது?"

"அது கம்ப்யூட்டரா போட்டதும்மா."

"அப்ப நீங்க பாக்கலியா?"

அன்று நீ சண்டை போட்டபோது உன்னிடம் கவனிக்கவில்லை என்று சொன்னேன். பொய். அனுப்பும் முன்பே பார்த்தேன். சீசன் விளம்பரம், நல்ல காசு வரும் என்று அனுப்பினேன்.

சந்தாத் தளத்துக்கு மாற்றிவிட்டேன். சந்தா கேட்கும் வரிகளையும் நானே எழுதினேன். ஆனால் அனுப்பிய மடலைத் திரும்பப் பெற எந்தத் தளத்திலும் வழியில்லை.

நாளை ஆனைக்குட்டம் போய் அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன். நீ வர வேண்டாம். வந்தால் எனக்காக நீ பேசிவிடுவாய்.

இப்படிக்கு,
நீ கோபித்துக்கொண்டு போன வீட்டிலிருந்து