மணல்துறைக் கோட்டையின் மூன்றாம் பீரங்கி

2024 மார்ச் 4, கடத்தூர்

வக்கீல் போன் செய்தார். மணல்துறைக் கோட்டையில் பீரங்கி இருந்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் அது வெறும் உப்புக் கிடங்குதான், துறைமுகச் சாலைக்காக இடிக்கலாம் என்கிறதாம் எதிர்த்தரப்பு. ஆறு வருடமாக அந்தக் கடற்கரைக் கோட்டையின் வரலாற்றை எழுதுகிறேன். அதன் மூன்று பீரங்கிகளின் எண்களும் எனக்கு மனப்பாடம். பீரங்கிகள்தான் இல்லை. உருக்குவதற்காகச் சேலத்துக்கு வண்டியேற்றினார்கள், ஒன்று வழியில் தொலைந்தது என்பதோடு தகவல் நின்றுவிடுகிறது.

மார்ச் 10

குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. மஞ்சளும் எண்ணெயும் ஏறி, அடி மண்ணில் புதைந்து நெட்டுக்குத்தாக நிற்கும் எங்கள் இரும்பு முனியப்பன். இரண்டு பக்கமும் குட்டையாக நீளும் தோள்களில் மாலை போட்டார்கள். பிறந்ததிலிருந்து கும்பிடுகிறேன், இன்றுதான் பார்த்தேன். பீரங்கியை வண்டியில் தாங்கும் முளைகள் அவை. எண் அங்கேதான் வெட்டியிருக்கும்.



மார்ச் 11

பூசாரி மாதப்பன் சித்தப்பாவிடம் சொன்னேன். சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

"சாமி மேல கத்தி வெக்கச் சொல்றியா?"

கோபப்படவில்லை. பூ வைத்துக் கேட்போம், வலப்பக்கம் விழுந்தால் சம்மதம் என்றார்.

மார்ச் 15

பூ விழவே இல்லை.

மார்ச் 17

நாளை மறுநாள் வழக்கு. யாருக்கும் தெரியாமல் போய்ச் சுரண்டிவிடலாமா? ச்சீ. ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. கோட்டையே போச்சுன்னா நான் எழுதினதெல்லாம் எதுக்கு?

மார்ச் 18

வலப்பக்கம் விழுந்தது. சித்தப்பாவே தேங்காய் நாரால் தேய்த்தார். இடது தோளில் எண். தொலைந்த பீரங்கியின் அதே எண். அழுதுகொண்டே போட்டோ எடுத்தேன்.

"அப்புறம் சாமியக் கொண்டுபோயிடுவாங்களா சசி?"

"அதெல்லாம் மாட்டாங்க சித்தப்பா."

எனக்குத் தெரியுமா? தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை.

ஜூன் 6

கோட்டையை இடிக்கத் தடை. ஜெயித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 21

தொல்லியல் துறை கிரேனோடு வந்தது. பீரங்கி கோட்டைக்குச் சேர வேண்டியதாம். பெண்கள் குறுக்கே உட்கார்ந்தார்கள். நஞ்சம்மாள் சித்தி, "படிச்சவ நீ, ஒரு வார்த்தை சொல்லேன்" என்றார். அதிகாரி கையில் இருந்தது நான் எடுத்த போட்டோ. ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

ஆகஸ்ட் 30

ஊரில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. சாமியைப் பிடுங்கிய குழிக்கு விளக்கு வைக்கிறார்கள்.

2025 ஜனவரி 12

வேன் பிடித்து மணல்துறை போனோம். என்னையும் கூப்பிட்டார்கள், வழி தெரிந்தவள் நான்தானே. டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். பொங்கல் பானையை உள்ளே விடவில்லை. எண்ணெயெல்லாம் போக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, முன்னால் சங்கிலி கட்டியிருந்தார்கள். நான் எழுதிய அதே மேடை, கடலைப் பார்த்த அதே திசை. ஒன்றிலும் தப்பில்லை.

காவலாளி கற்பூரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். சித்தப்பா வெறுங்கையோடு சங்கிலிக்கு முன்னால் போய் நின்றார்.

"நின்ன சாமிய இப்படிப் படுக்க வெச்சிட்டாங்களே, சசி."