ஐந்து நிமிடம் முந்திய நோன்பு

மாப்ள,

உன் மொட்டை மாடியில் நாம் நட்ட ஆன்டெனாவின் ஒயர் உப்புக் காற்றில் பச்சை பூத்துவிட்டது. இன்று காலை என் வீட்டு டைம் சர்வர் பெட்டிக்குச் சிக்னலே வரவில்லை. மாற்றலாம் என்று உன் வீட்டு மாடிப்படி ஏறினேன். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை. "பாத்து ஏறுலே" என்று கீழே நின்று சொல்ல ஆளில்லை. மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம்ம தேவிபட்டினத்தில் மின்சாரம் போனால் இணையமும் சேர்ந்து போகும். திரும்பி வரும்போது என் வீட்டு கேமரா ஒரு நேரம் காட்டும், கடிகாரம் வேறொரு நேரம் காட்டும். செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை வாங்கி வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் கொடுக்கிற டைம் சர்வர் பெட்டி ஒன்றை நானே செய்யப்போகிறேன் என்று அன்று உன்னிடம் சொன்னேன். உள்ளங்கை அகல போர்டுதான் முழுக் கம்ப்யூட்டரும் என்றதும், முறுக்கைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். ஆனாலும் படகு ஜிபிஎஸ் பழுது பார்ப்பவன் நீ. மறுநாளே விசைப்படகில் கழற்றிய ஆன்டெனாவோடு வந்து நின்றாய். என் வீட்டை வேப்பமரம் மறைப்பதால் அதை உன் மாடியில் வைத்து, மதில் மேலாக ஒயர் இழுத்தோம். கூலியாக உன் கூடத்துக் கடிகாரத்தையும் என் வைஃபையில் சேர்க்கச் சொன்னாய்.

கெடுத்தது நான்தான். நம்ம ஊரில் எந்த வீட்டுக் கடிகாரம் சரியாக ஓடியிருக்கிறது? பஸ்ஸைப் பிடிக்க ஐந்து நிமிடம் முன்னால் வைத்துத்தானே எல்லோருக்கும் பழக்கம். பெட்டி வந்து நேரத்தைச் சரியாக்கியதும் என் மகள் ராமநாதபுரம் கல்லூரி பஸ்ஸை இரண்டு நாள் தவறவிட்டாள். அவள் திட்டு தாங்காமல் மூன்றாம் நாள் காலையில் பெட்டியிலேயே ஐந்து நிமிடத்தைக் கூட்டிவிட்டேன். ரமலான் நடக்கிறது, உன் கடிகாரமும் சேர்ந்து ஓடும் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பள்ளிவாசலிலிருந்து நம் தெரு வரை கேட்காது. அன்று சாயங்காலம் கடிகாரத்தை நம்பி வீட்டாரோடு நோன்பு திறந்துவிட்டு, கஞ்சியும் குடித்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்திருக்கிறாய். பாதி வழியில்தான் பாங்கு சொன்னார்கள்; அன்றைய நோன்பு முறிந்துவிட்டது.

தொழுதுவிட்டு நேரே என்னிடம் வந்தாய். என் முகத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது. "விடுலே. தெரியாமச் செஞ்சதுதான? பெருநாளைக்குப் பொறவு ஒரு நோன்பு களாவாப் பிடிச்சு ஈடு கட்டினாப் போச்சு" என்றாய். உன் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றதற்கு மட்டும் கோபப்பட்டாய். நானே சொல்லிக்கொள்கிறேன், நீ வராதே என்றாய்.

பெருநாள் முடிந்து உன் மனைவியும் மகனும் அந்த ஒரு நாளைப் பிடித்துவிட்டார்கள். நீ இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினாய். பிறகு அந்த நெஞ்சுவலி. உன் கணக்கில் ஒரு நோன்பு என்னால் நின்றுபோனதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. உன் வீட்டு வாசல் பக்கம் தலை நிமிர்ந்து நடந்ததும் இல்லை.

இன்று ஒயரை மாற்றி இறங்கியதும் உன் மனைவி டீ கொடுத்தது. உங்கள் கூட்டாளி கை வைத்துக் கெடுத்த பெட்டி இப்போது சரியாகிவிட்டதா என்று சிரித்துக்கொண்டே கேட்டது. இத்தனை நாளும் பழியை நீயா சுமந்தாய்?

அடக்க முடியவில்லை. அவர் இல்லம்மா, நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே தெரியும்ணே. அவருக்கு அந்தப் பெட்டியத் திறக்கவே தெரியாதே. உங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாரு, நாங்களும் நம்புன மாதிரி இருந்துட்டோம்."

நின்றுபோன நோன்பைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வாப்பாவுக்காக மகன் வியாழக்கிழமை பிடிக்கிறான். திறக்குற நேரத்துக்கு நீங்க வந்துருங்கண்ணே. நேரம் நீங்கதான் சொல்லணும்."

நேரத்தைக் கெடுத்தவனையே நேரம் சொல்ல வேறு எந்த வீட்டில் கூப்பிடுவார்கள், சொல்? பெட்டியில் ஒரு நொடிகூடக் கூடவில்லை, குறையவில்லை என்று நாலு தடவை பார்த்துவிட்டேன். ஆனாலும் ஐந்தாவது தடவையும் பார்க்கத்தான் போகிறேன், மாப்ள. வியாழக்கிழமை உன் மகன் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்ப்பான்.