மகன் என்ற கட்டம்

மச்சான்,

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், பால் காய்ச்சினேன், சட்டை தேய்த்தேன். நீ கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்பவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பதினோரு மணிக்கு முதியோர் இல்லத்து மேனேஜர் அம்மா வருவார். உன் அம்மாவை அங்கே வைத்திருக்க அடுத்த வருடத்துக்குக் கையெழுத்து வேண்டுமாம். உன் அக்கா இருந்தவரை அவள் சம்பளத்தில் கட்டினாள். அவள் போன பிறகு எட்டு மாதமாக நான் கட்டுகிறேன்.

போன வாரம் ஊரிலிருந்து வந்த கையோடு நீ நிரப்பிக் கொடுத்த படிவத்தை அந்த அம்மா என்னிடம் காட்டினார். 'மகன்' என்ற கட்டத்தில் என் பெயர். 'பார்வையாளர்' கட்டத்தில் உன் பெயர். "பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது சார், உங்க மச்சானே பெருமையா எழுதிக் குடுத்தாரு" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

புதுப் படிவம் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. அந்தக் கட்டம் காலி. அத்தையை ஞாயிறுதோறும் போய்ப் பார்ப்பதை நான் நிறுத்த மாட்டேன். பணத்தை நீ கட்டு.

நேற்று நான் வாயைத் திறப்பதற்குள், "சாகும்போது அக்காவே போன்ல சொன்னா மாமா, எல்லாம் அவரு பாத்துக்குவாருன்னு" என்றாய். அவள் இறந்த அன்று முழுக்க அவள் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

பி.கு.: வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

இன்னொன்று. அவள் கடைசியாகப் பேசியது உன்னைப் பற்றித்தான், என்னிடம். அதற்காகவே இத்தனை நாள் உன்னிடம் பணம் கேட்காமல் இருந்தேன்.

"தம்பிகிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. அவன் இல்லேன்னு சொல்லிட்டா என்னால தாங்க முடியாது."