ஏலத்தட்டை, இரண்டு மூட்டை

கோயம்புத்தூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மூட்டை வந்து ஒரு மாதம். மூட்டைக்குள் நீங்கள் வைத்த கடிதத்தில் இன்னும் ஏலக்காய் வாசம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதுவோம் என்றீர்களே, சரிதான்.

செய்தி இருக்கிறது. காய் ஓய்ந்ததும் நீங்கள் வெட்டி எறியும் ஏலச்செடித் தண்டு, அந்தத் தட்டையின் நாருக்குள் சர்க்கரை உண்டு. லிக்னின் என்ற பசை அதை இறுக்கிப் பிடித்திருக்கும். காரக் கரைசலில் வேகவைத்துப் பசையை இளக்கினால்தான் சர்க்கரை பிரியும். பிறகு ஈஸ்ட் அதை எத்தனாலாக்கும். உங்கள் தட்டையோ வேகவைக்காமலே நூறு கிராமுக்கு முப்பத்தெட்டு கிராம் சர்க்கரை தந்தது. பத்தைத் தாண்டாது என்று நினைத்திருந்தேன். மூன்று முறை செய்தேன். அதே முப்பத்தெட்டு.

29ஆம் தேதி ஆய்வுக் குழுவில் சொல்கிறேன். ஒப்புக்கொண்டால் முனைவர் பட்ட ஆய்வைத் தைக்குள் முடித்துவிடலாம். வீடு திரும்ப மருமகளுக்கு உங்கள் அப்பா வைத்த கெடு தப்பாது.

ஒன்று கேட்க வேண்டும். தட்டையை ஏதாவது செய்தீர்களா?

முத்துப்பிரியா


போடிமெட்டு, தோட்டம்
11 ஆகஸ்ட்

பிரியா,

வெட்டினேன். கழுவினேன். காய் உலர்த்தும் ஸ்டோரில் ஏலக்காயோடு காயவைத்தேன். வேறென்ன செய்வேன்.

ஞாயிறன்று ராசிங்காபுரம் வீட்டுக்கு இறங்கி அப்பாவுக்கு உன் கடிதத்தை வாசித்தேன். "தைக்குள்ள வந்துருவாள்ல? அப்பப் பேச்சென்ன" என்றார். மாடியறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மழை விடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

லிங்கேஸ்வரன்


போடிமெட்டு
22 ஆகஸ்ட்

பிரியா,

இது 29க்கு முன் உன் கைக்கு வர வேண்டும். போடி வரை நானே போய்க் கூரியரில் போடுகிறேன்.

ஜூனில் தட்டை வெட்டிய மூன்றாம் நாளே பூசணம். மண் சரிந்து ஜீப்பும் ஓடவில்லை. செடி மருந்துக்கு வைத்திருந்த சுண்ணாம்பை டிரம்மில் கரைத்து ஊறப்போட்டேன். இருபத்தொரு நாள். காய் பறிக்க வரும் சுப்புத்தாயக்கா கேலி செய்தார்: "காயி அழுகிக் கெடக்கு, இவரு குப்பைக்கு வைத்தியம் பாக்குறாரு. பொண்டாட்டி கேட்டா மலையவே ஊறப்போடுவாரு போல." பிறகு வெள்ளை போகும்வரை ஓடையில் அலசினேன். உனக்குச் சுத்தமாக அனுப்ப நினைத்தேன். அவ்வளவுதான்.

நீ கேட்டபோதே புரிந்துவிட்டது. சுண்ணாம்பும் காரம்தானே. கழுவினேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நீ தைக்குள் வர வேண்டும் என்று இருந்தது.

இப்போதும் இருக்கிறது.

லிங்கேஸ்வரன்


கோயம்புத்தூர்
30 ஆகஸ்ட்

மாமாவுக்கு,

குழுவிடம் சொல்லிவிட்டேன். இது பதப்படுத்தாத தட்டை இல்லை, என் முடிவு தவறு என்று. என் வழிகாட்டி என் முகத்தையே பார்க்கவில்லை. இன்னும் ஒன்றரை வருடம். முடிக்காமல் வரமாட்டேன்.

சுண்ணாம்பில் கோபமில்லை. பாதி எழுதியதில் இருக்கிறது.

அழுதேன். பிறகு எண்களைத் திரும்பப் பார்த்தேன். அடுப்பில்லாமலே அந்த முப்பத்தெட்டு வந்திருக்கிறது. மழைக்காலத்து டிரம், குளிர்ந்த தண்ணீர். சுண்ணாம்பு ஊறல் புதிதல்ல, பலர் எழுதியிருக்கிறார்கள். நம் தட்டையில் அளந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. அளக்கப்போகிறேன்.

இரண்டு மூட்டை வேண்டும். ஒன்று ஊறியது. மற்றது எதுவும் செய்யாதது. அது பூசணம் பிடிக்கும் முன், வெட்டிய அன்றே இங்கு வர வேண்டும். என்னென்ன செய்தீர்களோ அத்தனையும் எழுதுங்கள்.

தையைப் பற்றி உங்கள் அப்பாவிடம் யார் சொல்வது?

முத்துப்பிரியா


மூட்டைச் சீட்டு
26 செப்டம்பர்

மூட்டை ஒன்று. இன்று காலை ஆறு மணிக்கு வெட்டியது. கழுவவில்லை. மண் ஒட்டியிருக்கிறது.

மூட்டை இரண்டு. தட்டை இருபது கிலோ, சுண்ணாம்பு இரண்டு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். செப்டம்பர் 4 முதல் 25 வரை. ஐந்தாம் நாள் மூடி காற்றில் போய் மழைத்தண்ணீர் விழுந்தது. எவ்வளவு என்று தெரியாது. ஓடையில் நான்கு முறை அலசினேன். காயவைக்கவில்லை.

தைக்கு நீ வரமாட்டாய் என்று அப்பாவிடம் நான் சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை.

கொண்டுவருபவர்: லிங்கேஸ்வரன். இரவு எட்டுக்குள் உன் லேப் வாசலில் இருப்பேன்.